கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

எங்கள் அலுவலகத்தில் அவரைப் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரேயே சொல்வோம்; அவரும் திரும்பிப் பார்ப்பார். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவர் வாயைத் திறப்பதற்குள் "பரவாயில்லைங்க" என்று முந்திக்கொள்வார். அவருடைய தேநீர்க் குவளையைக் கணக்குப் பிரிவுக்காரர் எடுத்துக்கொண்டு போனபோது, திருப்பிக் கேட்கப் போனவர், "உங்ககிட்டயே இருக்கட்டும், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்து, காகிதக் கோப்பையில் குடித்தார். நான் அப்படி இல்லை. மின்விசிறிக் காற்று என் பக்கம் வராவிட்டால் வர வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அதனால் பக்கத்து மேசையில் இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

நாங்கள் இருந்தது பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் தொடர்பு அலுவலகம். பெயர்தான் பெரிது. நூலகத்துக்குப் பின்னால் முன்பு சைக்கிள் நிறுத்தி வைத்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கியிருந்தார்கள். படித்து முடித்துப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதும், வருடத்துக்கு ஒருமுறை அவர்களை ஒன்றுசேர்ப்பதும், அவர்களுக்கென்று ஒரு பத்திரிகை அனுப்புவதும் எங்கள் வேலை. பத்திரிகை என் பொறுப்பு. தொலைபேசி அவருடையது.

தொலைபேசியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை நான் மறுக்க மாட்டேன். "இனிமே போன் பண்ணாதீங்க" என்று எரிந்து விழுந்தவர்கள்கூட அடுத்த வாரம் தாங்களாகவே அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். யாருக்கு முழங்கால் வலி, யார் மகளுக்கு வேலை கிடைத்தது, யார் வீடு மாறினார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். காது கொடுத்துக் கேட்பது வேறு, வாய் திறந்து கேட்பது வேறு. இரண்டாவது அவருக்கு வரவே வராது.

புதிய இயக்குநர் வந்ததும் அதிலேயே கை வைத்தார். இனிமேல் நலம் விசாரிப்பது மட்டும் போதாது, அலுவலகத்தில் ஒவ்வொருவரும் முன்னாள் மாணவர்களை நேரில் பார்த்து நன்கொடை கேட்க வேண்டும், அதற்குப் பயிற்சி ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றார். கேட்க வராதவர்களைச் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. எல்லோரும் கலங்கிப் போனோம். பரவாயில்லை மட்டும் வழக்கம்போல் சிரித்தார். ஆனால் அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"என்ன, அந்தப் பிரிவுக்குப் போகப் பயமா?" என்று கேட்டேன்.

"அது இல்ல மேடம். கேக்கக் கத்துக்குடுக்கறாங்களாம். எனக்கு வேற ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. அத நெனச்சேன்" என்றார்.

அந்த வேறொன்று என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு மகள். குழந்தைக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவர் மனைவி காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவருடைய அக்கா ஓடி வந்து கூடவே இருந்து, அடுப்பைப் பார்த்து, அவரையும் பார்த்து, கிளம்பும்போது குழந்தையைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். "ரெண்டு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்டா. நீ கொஞ்சம் எழுந்து நில்லு" என்றாராம். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அத்தானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில்தான். இரண்டு மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வரை என்று ஆனது. பள்ளிக்கூடம் திறந்ததும், அடுத்த வகுப்பு வரை என்று ஆனது. பிறகு யாரும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். மகள் அந்த ஊரிலேயே வளர்ந்துவிட்டாள்.

மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் வருவார். ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போவார். போய் என்ன சொல்வார் தெரியுமா? "எங்க ஊர்லயும் இப்ப நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் வந்துடுச்சுக்கா" என்பார். "அப்படியா, நல்லது" என்பார் அக்கா. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைகள் பையில் இருக்கும். இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுத் தொட்டே பெண்ணுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. அவள் படிக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான்; இந்த வருடத்தோடு அது முடிகிறது. அடுத்து எந்த ஊரில் சேர்கிறாளோ, அங்கேயே கல்லூரி, அங்கேயே வேலை.

"இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான் மேடம். அப்புறம் அவ கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாப் போய் நிக்கணும்" என்றார் ஒருநாள். அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

பயிற்சி வகுப்பு என்றாலே எனக்கு ஒவ்வாது. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் 'உறவு மேம்பாடு' என்று வந்ததும், "ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்தேன். பயிற்சி தர வந்தவர் ஒல்லியான ஓர் அம்மாள். காலமெல்லாம் மருத்துவமனைகளுக்காக ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டவராம். குரலை உயர்த்தாமல் பேசினார். திரையில் இருந்ததைப் பாதியிலேயே அணைத்துவிட்டார். அதற்காகவே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"ரெண்டே விஷயம்தான். யாரால முடிவு சொல்ல முடியுமோ, அவங்ககிட்டயே கேளுங்க. வேற யார்கிட்டயும் ஜாடையாச் சொல்லிட்டு வராதீங்க. இது ஒண்ணு. ரெண்டாவது, கேள்விய ஒரே வாக்கியத்துல கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. அவங்க பேசற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. அந்த நேரம் அவங்களோடது. அத நீங்க பிடுங்கிக்காதீங்க."

பிறகு இருவர் இருவராக உட்கார வைத்தார். ஒருவர் கேட்பவர், ஒருவர் கொடுப்பவர். பரவாயில்லைக்கு எதிரே பெரிய பணக்காரியாக நான். வாழ்க்கையில் முதல்முறை கிடைத்த வசதி, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். அவர் அழகாகத்தான் தொடங்கினார். பார்வையில்லாத மாணவர்களுக்கு ஒலிநூல் அறை வேண்டும் என்பதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. "இந்த அறைய நீங்க அமைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். நான் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள், "இப்ப முடியலன்னா பரவாயில்லைங்க, உங்களுக்கும் செலவு இருக்கும், நான் சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி, நன்றியும் தெரிவித்து, எழுந்தே நின்றுவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அவரே கேட்டு, அவரே மறுத்து, அவரே விடைபெற்றுக்கொண்டார். அறை முழுவதும் சிரித்தது.

திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கதிதான். கடைசியில் அந்த அம்மாள் ஒரு தம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார். "கேட்டதும் ஒரு வாய் எடுத்துக்கோங்க. முழுங்காதீங்க. அவங்க பேசினப்புறம் முழுங்குங்க." அவர் கேட்டார், தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டார், கன்னம் உப்பியது, கண்கள் என்னைப் பார்த்துக் கெஞ்சின. நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் யோசித்தேன். தாங்க முடியாமல் பேச வாயெடுத்தார், தண்ணீர் முழுவதும் என்மேல்.

"பரவாயில்ல" என்றேன் நான், துடைத்துக்கொண்டே. அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவர்தான்.

பயிற்சியின் கடைசிக் கட்டம், உண்மையாகவே ஒருவரைப் போய்ப் பார்த்துக் கேட்பது. அவருக்கு ஓய்வுபெற்ற கண் மருத்துவர் ஒருவரின் பெயரைக் கொடுத்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தனியாக வாழ்பவர், வசதியானவர் என்று கேள்வி. பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதும் சாக்கில் நானும் கூடப் போனேன்.

சின்ன வீடு, வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. மருத்துவர் அம்மாள் தேநீர் கொடுத்தார். பரவாயில்லை கேட்காமலே பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். ஒலிநூல் அறையைப் பற்றிச் சொன்னார். கேட்டார். ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தேநீர் நன்றாக இருக்கிறது என்றாவது சொல்லிவிடலாம் என்று எனக்கே நாக்கு துறுதுறுத்தது. அவரைப் பார்த்தேன். காது வரை சிவந்திருந்தார். ஆனால் வாய் மூடியே இருந்தது.

"என்னால முடியாது" என்றார் மருத்துவர். "என் தம்பி பையனுக்கு நெடுநாள் வைத்தியம் பாக்க வேண்டியிருக்கு. இருக்கறத எல்லாம் அதுக்குன்னு ஒதுக்கிட்டேன்."

அவர் தண்ணீரை விழுங்கினார். அது இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "நேராக் கேட்டீங்க, அதான் நானும் நேராச் சொல்லிட்டேன். எல்லாரும் சுத்தி வளைச்சு வந்து என் நேரத்த வீணாக்குவாங்க. இன்னொரு டீ குடிக்கிறீங்களா?" பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். முதன்முதலாகக் கண் அறுவை செய்த நாளில் கை நடுங்கியதை அவர் சொல்ல, என் பத்திரிகைக்கு நல்ல கட்டுரை கிடைத்தது.

திரும்பும்போது பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"மேடம், முடியாதுன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமே ஆகல பாருங்க" என்றார். "இன்னொரு டீ குடுத்தாங்க."

ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை. இத்தனை வருடமாக இந்த மனிதர் பயந்தது அந்த ஒரு வார்த்தைக்கு. அது வந்து போய்விட்டது, இவர் முழுசாக உட்கார்ந்திருக்கிறார். மறுநாள், வெறுங்கையோடு வந்தாரே என்று இயக்குநர் உதட்டைப் பிதுக்கியபோது, பயிற்சி தந்த அம்மாள், "கேட்டுட்டு வந்திருக்கார். அது போதும்" என்று சொல்லிவிட்டார். மாற்றல் வரவில்லை; அவர் மேசை அவரிடமே இருந்தது.

"அடுத்தது வீடு. அக்காகிட்டதானே?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்ல மேடம். யாரால முடிவு சொல்ல முடியுமோ அவங்ககிட்ட. பாப்பாகிட்டதான் மொதல்ல கேக்கணும். இத்தன வருஷமா அவகிட்ட நான் ஒரு வார்த்தகூடக் கேட்டதில்ல."

மகளை ஒரு வாரக்கடைசிக்கு வரவழைத்தார். அக்கா ரயிலேற்றிவிட்டார். அன்று சனிக்கிழமை. பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டியிருந்ததால் நான் அலுவலகத்தில் இருந்தேன். மதியம் தாண்டி இருவரும் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கழுத்தில் பார்வையாளர் அட்டை. கையில் பல்கலைக்கழக முத்திரை போட்ட பை. அதற்குள் பெரிய மனிதர்களுக்கென்று நாங்கள் எடுத்து வைக்கும் பீங்கான் குவளை, பேனா, என் பத்திரிகை.

பாவி மனிதர், பெற்ற மகளை நன்கொடையாளரைப் போலச் சுற்றிக் காட்டியிருக்கிறார்! பணக்காரர்கள் வந்தால் நாங்கள் அழைத்துப் போகும் அதே வழி: முதலில் நூலகம், அடுத்து புதிய ஆய்வுக்கூடம், அப்புறம் தோட்டம், கடைசியில் எங்கள் அறையில் தேநீர். இப்போது வந்திருந்தது தேநீர்க் கட்டம்.

"ஆய்வுக்கூடத்துக்கு மேல இன்னும் ஒரு மாடி கட்டப் போறாங்கம்மா. வேல ஆரம்பிச்சாச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்பா, காலையிலேருந்து சுத்திச் சுத்திக் காட்டுறீங்க. உங்க வீட்டுக்கு இன்னும் போகவே இல்ல. எங்கிட்டேருந்து என்னதான் வேணும் உங்களுக்கு?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"நீ எங்கூட வந்து இருக்கியாம்மா? இங்கேயே படிக்கிறியா?"

என் மேசையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கும் பதில் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கயிற்றை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்கு வரணும்ப்பா" என்றாள். "ஆனா அத்த தெனமும் ராத்திரி என் அறைக்கு வந்து விளக்க அணைச்சுட்டுத்தான் படுப்பாங்க. மாமா கப்பலுக்குப் போயிட்டா வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். நான் வந்துட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் அந்த அட்டையை அவள் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அத்தைகிட்டயும் நீங்கதான் கேக்கணும். நான் சொன்னா, அவங்கள விட்டுட்டுப் போறேன்னு நெனப்பாங்க."

"சரிம்மா" என்றவர், நாளைக்கு என்றோ அடுத்த மாதம் என்றோ தள்ளிப்போடாமல் அங்கேயே கைபேசியில் அக்காவின் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி மகள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"என்னடா, ஊரெல்லாம் பாத்தாளா? சாப்பிட்டாளா?" அக்காவின் குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"சாப்பிட்டாக்கா. அக்கா, பாப்பாவ நான் கூட்டிக்கட்டுமா? எங்கூட வச்சுப் படிக்க வைக்கட்டுமா?"

குழாய்ச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை. அவர் உதடுகள் பிரிந்தன. அடுத்து வரப்போகும் வார்த்தை எனக்கும் தெரியும், அவர் மகளுக்கும் தெரியும். அவள் எம்பி, உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்டக் கேட்டியா?" என்றார் அக்கா.

மகள் கையை எடுத்தாள். "கேட்டேன்க்கா."

"என்ன சொன்னா?"

"வரணும்னு சொன்னேன் அத்த" என்றாள் அவள். அழுதுவிட்டாள்.

"அழாத. எதுக்கு அழற? அப்பாகிட்டதானே போற?" என்று அந்த அம்மாள் அதட்டினார். அதட்டிய குரலும் சரியாக இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "டேய், ஜன்னலோரமா அவளப் படுக்க வைக்காத. சளி பிடிச்சுக்கும். கட்டில செவுத்துப் பக்கமாப் போடு."

"சரிக்கா."

"படிச்சுக்கிட்டே தூங்கிடுவா. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நீதான் போய் அணைக்கணும்."

"அணைக்கிறேன்க்கா."

குழாய் மறுபடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. இந்த முறை வந்த குரல், தம்பியை ஏவி ஏவிப் பழகிய அக்காவின் குரலாகவே இல்லை. தயங்கித் தயங்கி வந்தது.

"நான் வந்தாப் படுக்க அங்க எடம் இருக்குமாடா?"

"இருக்குக்கா" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்ளேயே. "எப்ப வர்றே?"

"நாளைக்கு" என்றார் அந்த அம்மாள். "கட்டில நானே வந்து போடறேன்."